அறுபத்தொன்றாம் பக்கம்

நாலாவது காகிதக் கட்டைத் திருத்தினோமா இல்லையா என்ற சந்தேகம் சுடர்க்கொடிக்கு வந்தபோது கோர்ட்டில் பன்னிரண்டாவது வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர்களுடையது பதினேழு. சந்தேகம் என்றுகூடச் சொல்ல முடியாது, வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிய பிறகு கேஸ் அடுப்பை மூடினோமா என்று தோன்றுமே, அந்த மாதிரி ஒன்று. அதெல்லாம் வீண் பயம், திரும்பிப் போய்ப் பார்த்தால் மூடித்தான் இருக்கும், ஒரு தடவையாவது திறந்து கிடந்திருக்கிறதா, இல்லையே, பின்னே ஏன் இந்தப் படபடப்பு என்று தன்னையே அதட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த சீனியரின் முதுகைப் பார்த்தாள். ராஜமன்னார் சாரின் கருப்பு அங்கி தோள்பட்டையில் வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. புதிதாக ஒன்று தைத்துக்கொள்ள மாட்டார், வெளுத்த அங்கிக்கு நீதிபதிகள் கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. அவர் மடியில் இருந்தது முதல் கட்டு. அரசு வக்கீலிடம் ஒன்று. மேலே இரண்டு நீதிபதிகளுக்கும் ஆளுக்கு ஒன்று. ஆக நாலு. நாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதற்குத்தான் அதை டைப் செட் என்று பெயர் வைத்துக் கும்பிடுகிறார்கள். சாட்சிகள் சொன்னது, டாக்டர் சொன்னது, கீழ்க்கோர்ட்டு தீர்ப்பு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, மேல்மூலையில் பேனாவால் எண் போட்டு, எது எந்தப் பக்கம் என்று முதல் தாளில் ஒரு பொருளடக்கம். அந்த முதல் தாள்தான் உயிர், மத்ததெல்லாம் உடம்பு என்று சார் சொல்வார். நீதிபதிக்குப் பொறுமை ஒரே ஒரு தடவை புரட்டுகிற அளவுதான் உண்டு, அந்த ஒரு புரட்டலில் சரியான பக்கம் விழ வேண்டும், விழாவிட்டால் கட்டில் என்ன இருந்து என்ன. விழும். ஏன் விழாது. நாலையும்தான் திருத்தினோமே. மூன்றைத் திருத்தியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாலாவதுதான் ஞாபகத்தில் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

காலையில் வராந்தாவில் பச்சையம்மாள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொலை வழக்கில் தண்டனையாகி ஜெயிலில் இருக்கும் ஏகாம்பரத்தின் அம்மா. விடியாத நேரத்துக்கே முதல் பஸ் பிடித்து வந்திருப்பாள், தலையில் ஜன்னல் காற்று அடித்த கோலம் அப்படியே இருந்தது. மடியில் மஞ்சள் பை. "இன்னாம்மா பையில?" என்று கேட்டதற்கு, "சட்டை கண்ணு. ஜெயில்ல கட்டினதோட தெருவுல நடந்து வர வேணாமே" என்றாள். இன்றைக்கே ஜாமீன் உத்தரவு கிடைத்தாலும் நகல் வாங்கி, ஜாமீன்தாரர் கையெழுத்துப் போட்டு, அவன் வெளியே வர ஒரு வாரம் ஆகும் என்று சொல்ல வாய் வந்து, அந்தச் சட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டது. நீலச் சட்டை. இஸ்திரி போட்டிருந்தாள், மடிப்பில் கரி வாசனை அடித்தது. "எம்புள்ள வெட்டலன்னு எங்க எழுதியிருக்கு? எனக்கு ஒரு தபா காட்டு தாயீ" என்று கேட்டாள். சாரின் கட்டைப் பிரித்துக் காட்டினாள் சுடர்க்கொடி. "இதோ பாருங்க, உங்க பக்கத்து வீட்டு கன்னியப்பன், மூணாவது சாட்சி, சொல்றாரு. அன்னிக்கு ராத்திரி தெருவுல கரண்ட் இல்ல, யார் வெட்டினாங்கன்னு நான் பாக்கல, சத்தம் கேட்டுதான் போனேன், பேரைச் சொன்னது ஊர்க்காரங்கன்னு. நம்ம வக்கீல் மடக்கிக் கேட்டப்போ ஒத்துக்கிட்டாரு. இது அறுபத்தொண்ணாம் பக்கம்." படிக்கத் தெரியாத அந்தக் கிழவி மூலையில் இருந்த எண்ணின் மேல் விரலை வைத்து, சாமி படத்தைத் தொடுவது போலத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அறுபத்தொண்ணு" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு, "நான் இருக்கும்போதே வந்துட்டான்னா போதும், அப்பால கேஸு எப்ப வேணா நடக்கட்டும்" என்றாள். அவள் விரல் பட்ட இடத்தில் வெள்ளை மை தடித்துக் காய்ந்திருந்தது. திருத்திய இடம். ஐம்பத்தொன்பதை வெள்ளை மையால் அழித்து மேலே அறுபத்தொன்று எழுதிய இடம். ஆமாம், அது சாருடைய கட்டு, அதைத் திருத்தினது தெரியும், இப்போது கேள்வி அது இல்லையே.

பதிமூன்று. யாரோ ஒரு வக்கீல் தேதி கேட்டார், கொடுத்தார்கள், போய்விட்டார். கோடை விடுமுறைக்கு முன்னால் கடைசி நாள், எல்லாம் பஸ் ஸ்டாண்டு வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. முதலில் இருந்து யோசிப்போம், பதறினால் ஒன்றும் நினைவுக்கு வராது. கட்டெல்லாம் முடித்து எண் போட்ட பிறகுதான் ஜெராக்ஸ் கடைக்காரன் கன்னியப்பன் வாக்குமூலத்தில் நடுவில் இரண்டு தாளை விழுங்கியிருப்பது தெரிந்தது. போய் எடுத்து வந்து செருகியாயிற்று. இரண்டு தாள் நடுவில் புகுந்தால் அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு எண்ணும் இரண்டு கூட வேண்டும். குமாஸ்தா தேசிங்கு சொன்னார், "எதுக்கும்மா பாடுபடுற? அம்பத்தெட்டு ஏ, அம்பத்தெட்டு பி-ன்னு போட்டுட்டுப் போயேன். ஊரே அப்படித்தான் போடுது." போட்டிருக்கலாம். ஊரே போடுகிறது. ஆனால் சாருக்கு ஏ, பி பிடிக்காது, அது சோம்பேறிக் கட்டு என்பார், சேலையில் ஒட்டுப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிற மாதிரி என்பார். அதுவும் போக அவளுக்கே ஒரு வீம்பு. சுடர்க்கொடி போட்ட கட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு புரட்டலாம் என்று சார் நாலு பேர் எதிரில் சொல்லியிருக்கிறார், அந்தப் பேச்சு அவளை ஒரு வாரம் தரையில் நடக்கவிடவில்லை. அதனால் பொருளடக்கத்தைப் புதிதாக அடித்து நாலு பிரதி எடுத்து நாலு கட்டிலும் வைத்தாள். பிறகு எண்களை வெள்ளை மை வைத்து அழித்து, ஊதிக் காயவைத்து, மேலே எழுதினாள். அழி, ஊது, எழுது. முதலில் சார் கட்டு. அதைத்தானே முதலில் செய்ய வேண்டும், சாமிக்கு முன்னால் பூசாரிக்குப் படைக்கிற உத்தியோகம் இது. அப்புறம் அரசு வக்கீலுக்கு. அப்புறம் நீதிபதிக்கு ஒன்று. ஊதி ஊதித் தலை சுற்றியது, வெள்ளை மை வாசனை தொண்டைக்குள் இறங்கி இனித்தது, பள்ளிக்கூடத்தில் ரப்பரை மோந்து பார்த்துக்கொண்டே கணக்குப் போட்ட காலம் போல. குப்பியைக் குலுக்கினாள். குலுக்கினால் உள்ளே இருக்கிற சின்னக் குண்டு டக்டக் என்று அடிக்கும். டக்டக் மட்டும்தான் வந்தது. மை வரவில்லை.

அந்தச் சத்தம் ஞாபகம் வந்ததுமே மற்றதெல்லாம் கதவைத் திறந்துவிட்ட மாதிரி உள்ளே வந்துவிட்டது. மை தீர்ந்துவிட்டது. நாலாவது கட்டைத் தனியாக நாற்காலியில் வைத்துவிட்டு, கீழே கடைக்குப் போய் ஒரு குப்பி வாங்கிக்கொண்டு, வாங்கினதோடு ஒரு காபியும் குடித்துவிட்டு மேலே வந்தாள். அந்தக் காபி எதற்கு, யார் கேட்டது அந்தக் காபியை. வந்து பார்த்தால் நாற்காலி காலி. தேசிங்கு நாலையும் நாடா கோத்துக் கட்டி, சாருடையதை மேசையில் வைத்துவிட்டு மற்றதைத் தாக்கல் செய்யக் கொண்டுபோய்விட்டார். நாற்காலியைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்றாள், அதுவும் இப்போது ஞாபகம் வருகிறது. ஓடியிருக்கலாம். போன் போட்டிருக்கலாம். நாளைக்குச் சொல்லி வாங்கித் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள், அதற்குள் சார் வேறொரு வழக்கைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார், அதற்கு மறுநாள் வேறொன்று, நாளைக்கு என்பது அப்படியே கரைந்து போயிற்று. புதுக் குப்பி இன்னும் அவள் பையிலேயே இருக்கிறது. கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள், கனமாக, நிறைய, சீல் பிரிக்காமல். ஆக, மேலே இருக்கிற இரண்டில் ஒரு கட்டில் பொருளடக்கம் புதுசு, எண்கள் பழசு. அதில் அறுபத்தொன்று என்று போட்டிருக்கிற தாள் கன்னியப்பனுடையது அல்ல. இரண்டு தாள் தள்ளி, அடுத்த சாட்சி. செத்தவனுடைய பெண்டாட்டி.

பதினாலு. செத்தவனுடைய பெண்டாட்டி என்ன சொன்னாள் என்பது அவளுக்கு மனப்பாடம். எத்தனை முறை படித்திருக்கிறாள். இருட்டில் அவளும் பார்த்திருக்க முடியாது என்பதற்குத்தான் கன்னியப்பனே வேண்டும், அவன் இல்லாமல் அவளை மட்டும் படித்தால் ஏகாம்பரத்துக்குத் தூக்கே போடலாம் என்று தோன்றும். சரி, சரி, பயப்படாதே. இரண்டு நீதிபதியில் ஒருவர்தான் படிப்பார், பெரியவர். சின்னவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பழைய உத்தரவுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். கெட்ட கட்டு சின்னவரிடம் போயிருந்தால் ஒன்றுமே நடக்காது. பாதிக்குப் பாதி. பூவா தலையா. அடிப் பாவி, ஒரு மனுஷனை வைத்துப் பூவா தலையா போடுகிறாயே என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே பூ விழட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார். திண்டிவனத்தில் சைக்கிள் கடை, கடை வாசலில் மகள் பேரைப் பட்டத்தோடு எழுதிய போர்டு, பஞ்சர் ஒட்ட வருகிறவனிடமெல்லாம் எம்பொண்ணு ஹைகோர்ட்டு வக்கீல் என்று ஒரு பாட்டு. ட்யூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடும்போது அவர் ஒரு சுற்றோடு விட மாட்டார், இன்னொரு தடவை முழுசாகத் திருப்பிப் பார்ப்பார். ஒரு ஓட்டையை அடைச்சுட்டு இன்னொண்ணை விட்டா, வண்டிக்காரன் பாதி வழியில நம்மளத்தான் திட்டுவான் என்பார். பாதி வழியில். ஏகாம்பரம் எந்த வழியில் இருக்கிறான். அவனை அவள் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள், ஜெயிலில் வக்காலத்துக்குக் கையெழுத்து வாங்கப் போனபோது. கையெழுத்து எங்கே போடணும்கா என்று கேட்டான். அவளைவிடப் பெரியவன், அக்கா என்றான். இருட்டில் நின்றுகொண்டு அக்கா என்று கூப்பிடுகிற குரல் மாதிரி இருந்தது.

பதினைந்து ஆரம்பித்தபோது, கோர்ட் ஆபீசர் எழுந்து அடுத்தடுத்த வழக்குகளின் கட்டுகளை மேசை மேல் எடுத்து வைத்தார். சுடர்க்கொடி கழுத்தை எக்கிப் பார்த்தாள். தேசிங்கு மூன்று கட்டுக்கு வெள்ளை நாடா போட்டிருந்தார், வெள்ளை தீர்ந்து, நாற்காலியில் இருந்த கடைசிக் கட்டுக்குப் பச்சை. அன்றைக்கு எல்லாமே கடைசிக் கட்டுக்குத் தீர்ந்திருக்கிறது. சின்னவர் மேசையில் வெள்ளை. பெரியவர் மேசையில், தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில், விளிம்பிலிருந்து ஒரு விரல் நீளம் பச்சை நாடா தொங்கியது. ஏசி காற்றில் அது லேசாக ஆடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் சந்தேகம் இல்லை, அதுவரைக்கும் ஒரு நிம்மதி என்று கூடத் தோன்றியது, என்ன கேடுகெட்ட நிம்மதி. வழி ஒன்றும் அடைபட்டுவிடவில்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும். சாரின் தோளைத் தொட்டு, சார், பெரியவர் கட்டுல நம்பர் ரெண்டு குறைவா இருக்கு, அம்பத்தொம்பதுன்னு சொல்லுங்க என்றால் முடிந்தது. அவர் அழகாகச் சொல்லிவிடுவார், மை லார்ட்ஸ், தங்கள் பிரதியில் மட்டும் ஐம்பத்தொன்பது, பிழைக்கு மன்னிக்கவும் என்று. அரை நிமிஷம். நெருப்பு என்றால் வாய் வெந்துவிடுமா. வேகாது. ஆனால் அந்த அரை நிமிஷத்துக்கு அப்புறம் சார் திரும்பிப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. தை மாசத்தில் ஒரு ஜூனியர் தேதி மறந்ததற்கு அவர் கத்தவில்லை, திட்டவில்லை, தம்பி நாளையிலேர்ந்து வர வேணாம்பா என்று மாத்திரை கொடுக்கிற மாதிரிச் சொன்னார். அந்தப் பையன் தன் டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு போனான். கண்ணை மூடிக்கொண்டு புரட்டலாம் என்ற பேச்சு இனி யாரைப் பற்றியும் வராது. சொல்லிவிடு. பதினாறு முடியட்டும், சொல்லிவிடலாம். பதினாறில் எதிர்த்தரப்பு வரவில்லை, கூப்பிட்டதும் முடிந்துவிட்டது. கை தானாக நீண்டு வெளுத்த அங்கியைத் தொட்டது. துணி சொரசொரவென்று இருந்தது. ராஜமன்னார் பாதி திரும்பி, "என்னம்மா?" என்றார். கண்ணில் கோபம் இல்லை, கேட்கத் தயாராகத்தான் இருந்தார். "தண்ணி வேணுமா சார்?" என்றாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அவர் எழுந்தார்.

பதினேழு. ராஜமன்னார் நன்றாகத்தான் ஆரம்பித்தார். தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லும் மனு, மேல்முறையீடு விசாரணைக்கு வர வருஷங்கள் ஆகும், வீட்டில் வயசான தாயார் ஒருத்தி, வேறு நாதி இல்லை. "அதிகம் பேச வேண்டாம் மை லார்ட்ஸ், மூன்றாவது சாட்சியின் குறுக்கு விசாரணை ஒன்றே போதும். இண்டெக்ஸ்படி அறுபத்தொன்றாம் பக்கம்." பெரியவர் விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். ஒரே புரட்டல், சரியாக விழுந்தது. மூலையைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்துவிட்டுப் படித்தார், வாய்விட்டே படித்தார். "'ஏகாம்பரம் அரிவாளால் என் கணவரின் கழுத்தில் வெட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.' மிஸ்டர் ராஜமன்னார், இதைத்தான் எங்களைப் படிக்கச் சொல்றீங்களா?" பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். இப்போது சொல். இப்போதும் நேரம் இருக்கிறது. ராஜமன்னார் தன் கட்டைப் பார்த்தார், அதில் கன்னியப்பன் இருந்தான், "இல்லை மை லார்ட்ஸ், தெருவில் வெளிச்சம் இல்லை என்று சாட்சியே அதே பக்கத்தில்" என்று தொடங்கினார். "அதே பக்கத்துல இருக்கிறது நேரில் பார்த்த சாட்சி" என்றார் பெரியவர். சின்னவர் தன் கட்டைத் திறக்காமல் பெரியவர் கட்டை எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். வெள்ளை நாடா அவிழ்க்கப்படாமலே இருந்தது. அரசு வக்கீலும் தன் கட்டைப் பிரிக்கவில்லை, எதிர்க்கிறோம் என்று ஒரு சொல் சொல்லி உட்கார்ந்துவிட்டார். சுடர்க்கொடி பாதி எழுந்துவிட்டாள். நாற்காலி கிறீச்சிட்டது. வெள்ளை மையின் இனிப்பு எங்கிருந்தோ தொண்டைக்கு வந்தது. "இந்த வாதமெல்லாம் கடைசி விசாரணையில் வச்சுக்கலாம். டிஸ்மிஸ்ட்" என்றார் பெரியவர். பதினெட்டைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள் எழுந்தபடியே குனிந்து வணக்கம் சொன்னாள், வெளியே போகிறவர்கள் சொல்ல வேண்டிய வணக்கம்.

வெளியே வந்ததும் ராஜமன்னார் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு, "கடைசி நாளும்மா, படிக்கிற மனசே இல்ல அவங்களுக்கு. குறுக்கு விசாரணையை விட்டுட்டு வேற எதையோ படிக்கிறாங்க" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "நீ மனசுல போட்டுக்காத. உன் செட்டுல ஒரு குறையும் இல்ல" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கோர்ட்டுக்கு நடந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒரு கணம் மூச்சு இறங்கியது, பொய் சொல்லக் கூடாது, இறங்கத்தான் செய்தது. தலைப்பாகை யாருடையது என்று அடுத்த கணம் உறைத்தது. ஒருவருக்கும் தெரியாது. பச்சை நாடாக் கட்டு இனி ஏதோ ஒரு அறையில் போய்த் தூசியோடு படுத்துக்கொள்ளும், அதை யார் பிரித்து எண்ணிப் பார்க்கப் போகிறார்கள். ஒருவேளை சரியான பக்கத்தைப் படித்திருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்களோ. சொல்லியிருக்கலாம். கடைசி நாள், அவசரம், கொலை வழக்கு, சொல்லியிருப்பார்கள்தான். சொல்லியிருக்க மாட்டார்கள். இதை இனிமேல் எந்தக் காலத்திலும் தெரிந்துகொள்ள முடியாது என்பதை அவள் வராந்தாவின் நடுவில் நின்று புரிந்துகொண்டாள், போகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

பச்சையம்மாள் தூணைப் பிடித்து எழுந்து வந்தாள். "இன்னா கண்ணு சொன்னாங்க?" என்றாள். இப்போ முடியாதுன்னுட்டாங்க, பெரிய விசாரணை வரும்போது பாத்துக்கலாம்னு சொல்றாங்க என்று சுடர்க்கொடி தரையைப் பார்த்துச் சொன்னாள். அது எப்போ என்று கிழவி கேட்டாள். வருஷமாகும் என்றாள். எத்தனை வருஷம் என்று அவள் கேட்கவில்லை. மஞ்சள் பையின் காதை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தாள் சுடர்க்கொடி, அழுதால் கையைப் பிடித்துக்கொள்ளலாம், கையைப் பிடித்தால் ஒருவேளை சொல்லிவிடவும் முடியும். அவள் அழவில்லை. ஏதோ கணக்குச் சரியாக வராத மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"அந்த அறுபத்தொண்ணாம் பக்கத்தப் படிச்சாங்களா தாயீ?"

"படிச்சாங்கம்மா."

"வாயால படிச்சாங்களா?"

"ஆமா. சத்தமாவே படிச்சாங்க."

கிழவி மெல்லத் தலையை ஆட்டினாள். காலையில் எண்ணைத் தொட்ட விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு நாளும், கீழ்க்கோர்ட்டு தீர்ப்பு சொன்ன அன்றைக்கும், ஊரே வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றிய அன்றைக்கும், எம்புள்ள செய்யல என்று ஒரே சொல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் போகிறவர்கள் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று பயந்தவள் போலக் கேட்டாள்.

"அம்மாம் பெரியவங்க அதப் படிச்சுட்டே இல்லன்னாங்கன்னா, அப்ப மெய்யாலுமே அவந்தான் செஞ்சிருப்பானா கண்ணு?"

சுடர்க்கொடி வாயைத் திறந்தாள். வராந்தாவின் அந்தக் கோடியில் ராஜமன்னார் திரும்பி நின்று, நேரமாச்சு வா என்று கையை அசைத்தார். மஞ்சள் பையிலிருந்து நீலச் சட்டையின் கழுத்துப்பட்டை எட்டிப் பார்த்தது.

"தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்றாள்.